சாரம் கட்டிய வீட்டுக்கு யார் பொறுப்பு? தீ, மராமத்து, காப்பீடு: ஒரு 350 ஆண்டுக் கதை

வீட்டில் மராமத்து வேலை ஆரம்பிக்கும்போது எத்தனையோ காகிதங்களைப் புரட்டுகிறோம். பிளான், பட்டா, காண்ட்ராக்டர் கொடுத்த கொடேஷன், வங்கியின் டாப்-அப் கடன் பத்திரம். யாரும் எடுத்துப் பார்க்காத ஒன்று உண்டு. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி கையோடு எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசி. அது பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னன்னா, ஒரு வீட்டின் வாழ்நாளில் அது தீப்பிடிக்கவோ இடியவோ நனையவோ அதிக வாய்ப்பு இருப்பது மராமத்து நடக்கும் அந்தச் சில மாதங்களில்தான். வெல்டிங் பொறி பறக்கும். பாதி ஒயர் வெளியே தொங்கும். ஓடு பிரித்த கூரைக்கு மேலே ஒரு தார்ப்பாய் மட்டும் இருக்கும். வீட்டுக்காரர்கள் வாடகை வீட்டில் இருப்பார்கள். அதாவது காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் காப்பீடு மிகவும் பலவீனமாகவும் இருக்கிறது. இது தற்செயல் இல்லை. இதற்குப் பின்னால் சுமார் 350 ஆண்டு வழக்கு வியாஜ்யங்கள் இருக்கின்றன. கொஞ்ச நாளாக அதைத்தான் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைத் தொகுத்து வைக்கிற முயற்சி இது.

1666: சாரத்தில் ஏறிய தீ

கதையை லண்டனில்தான் ஆரம்பிக்க வேண்டும். 1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் சாம்பல். இது பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத ஒரு துணுக்கு உண்டு. நகரத்தின் நடுவே நின்ற பழைய செயின்ட் பால் தேவாலயம் கல் கட்டடம். அது தீயைத் தாங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். சுற்றியிருந்த புத்தக வியாபாரிகள் தங்கள் சரக்கு முழுவதையும் கொண்டுபோய் அதன் நிலவறையில் அடுக்கினார்கள். ஆனால் அந்தக் கட்டடம் அப்போது மராமத்தில் இருந்தது. சுற்றிலும் மரச் சாரம். தீப்பிடிப்பதற்கு ஆறு நாள் முன்னால், ஆகஸ்ட் 27 அன்றுதான், கிறிஸ்டோபர் ரென்னும் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லினும் இன்னும் சிலரும் அங்கே போய் எதை எப்படிப் பழுதுபார்க்கலாம் என்று ஆய்வு செய்திருந்தார்கள். செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை தீ அங்கே வந்தது. கல்லை அதனால் தின்ன முடியாது. சாரத்தைத் தின்ன முடியும். சாரம் வழியாகத் தீ கூரைக்கு ஏறியது. கூரையின் ஈயத் தகடு உருகித் தெருவில் ஆறாக ஓடியது. நிலவறையிலிருந்த புத்தகங்கள் அனைத்தும் போயின.

கல் கட்டடம் பாதுகாப்பானது என்ற கணக்கு தப்பில்லை. அந்த வாரம் அது வெறும் கல் கட்டடமாக இல்லை என்பதுதான் பிரச்சினை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வருவதெல்லாம் இதன் விரிவுரைதான்.

சாம்பலுக்கு வாடகை

தீ அணைந்ததும் அடுத்த சிக்கல். எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை குத்தகையில் இருந்தவை. குத்தகைப் பத்திரங்களில் வீட்டைக் குடியிருப்பவரே பழுதுபார்த்து வைக்க வேண்டும் என்று ஷரத்து இருக்கும். வீடு எரிந்தாலும் ஷரத்து எரியாதே! ஆகவே வீடிழந்தவர் இல்லாத வீட்டுக்கு வாடகையும் கட்ட வேண்டும், சொந்தக் காசில் திரும்பக் கட்டியும் கொடுக்க வேண்டும். சட்டப்படி அதுதான் நிலை. இதை அப்படியே விட்டால் லண்டனை யாருமே திரும்பக் கட்ட மாட்டார்கள் என்று புரிந்து, 1667 தொடக்கத்தில் பார்லிமென்ட் ஒரு தனி நீதிமன்றத்தையே அமைத்தது. பெயரே ‘தீ நீதிமன்றம்’. யார் எவ்வளவு சுமக்க வேண்டும், குத்தகைக் காலத்தை எவ்வளவு நீட்டலாம், வாடகையை எவ்வளவு குறைக்கலாம் என்று ஒவ்வொரு வழக்காக உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

இந்தக் குழப்பத்தில் வியாபாரத்தைப் பார்த்தவர் நிக்கோலஸ் பார்பன். படித்தது மருத்துவம், செய்தது ரியல் எஸ்டேட். இடங்களை வாங்கி, பிரித்து, வரிசை வீடுகளாகக் கட்டி விற்றார். 1680-81 வாக்கில் வீடுகளுக்கான காப்பீட்டு அலுவலகம் ஒன்றைத் திறந்தார். நவீன தீக் காப்பீட்டின் பிறப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். இந்தத் தீக் காப்பீட்டாளர் ஒரு பில்டர் என்பதைக் கவனியுங்கள்.

பார்பனின் கட்டணப் பட்டியலில் ஒரு எளிய விஷயம் இருந்தது. செங்கல் வீடு என்றால் ஆண்டு வாடகை மதிப்பில் 2.5 சதவீதம். மர வீடு என்றால் 5 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. பிரீமியம் வீட்டின் விலையை மட்டும் பொறுத்ததில்லை, வீடு எதனால் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பொறுத்தது. அப்படியானால் வீட்டுக்காரர் முதலில் தன் வீட்டை விவரிக்க வேண்டும். காப்பீட்டாளர் அந்த விவரணைக்குத்தான் விலை போடுகிறார்.

நாம் வீட்டைக் காப்பீடு செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் காப்பீடு செய்யப்படுவது வீட்டைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வர்ணனை. வர்ணனையும் வீடும் ஒன்றாக இருக்கும் வரை தொல்லை இல்லை. மராமத்து என்பது இரண்டையும் பிரிக்கிற வேலை.

ஃபிலடெல்ஃபியாவின் அளவைப் புத்தகம்

கடலுக்கு அந்தப் பக்கம், 1752ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர் ஃபிலடெல்ஃபியா கான்ட்ரிபியூஷன்ஷிப். இவர்கள் வர்ணனை விஷயத்தில் ரொம்பக் கறார். பாலிசி கொடுப்பதற்கு முன் ஆள் அனுப்பி வீட்டை அளப்பார்கள். சுவர் எத்தனை அங்குலம், படிக்கட்டு எப்படி, உள்ளே மர வேலைப்பாடு என்ன என்று எல்லாம் எழுதி வைப்பார்கள். அந்த அளவைக் குறிப்புகள் இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல். பழைய வீடுகளை அதன் அசல் வடிவுக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள் இந்தக் குறிப்புகளைத்தான் தேடிப் போகிறார்கள். அன்று இழப்பீட்டுக்காக எழுதியது இன்று மராமத்துக்குப் பயன்படுகிறது!

வீட்டுச் சுவருக்கு வெளியே உள்ளதும் வர்ணனையில் சேரும் என்று காட்டியதும் இவர்கள்தான். வீட்டு முன்னால் மரம் இருந்தால் தீயணைப்புக்கு இடைஞ்சல் என்று 1781ல் அப்படிப்பட்ட வீடுகளை ஏற்பதில்லை என முடிவு செய்தார்கள். மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784ல் தனியாக வேறொரு கம்பெனியே ஆரம்பித்தார்கள். அதன் சின்னம் என்ன தெரியுமா? ஒரு பச்சை மரம்.

தார்ப் பீப்பாய், மரப்பட்டை, மூன்றாவது மாடி

சரி, வர்ணனை கொடுத்தாயிற்று, பாலிசி வாங்கியாயிற்று. நடுவில் வீட்டுக்காரர் மாற்றம் செய்தால்? இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கின்றன. மூன்று வழக்குகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 1827, டாப்சன் எதிர் சதபி. ஒரு பண்ணைக் கட்டடம். தீ மூட்டாத, ஆபத்தான பொருள் வைக்காத கட்டடம் என்று பாலிசியில் வர்ணனை. கட்டடத்துக்குத் தார் பூச வேண்டிய பராமரிப்பு வேலை வந்தது. தாரை உருக்க உள்ளே தீ மூட்டி, தார்ப் பீப்பாயைக் கொண்டுவந்தார்கள். பொங்கிப் பற்றிக்கொண்டது. கட்டடம் போயிற்று. ‘தீயே இல்லாத கட்டடம் என்றுதானே சொன்னீர்கள்?’ என்றது காப்பீட்டுத் தரப்பு. தலைமை நீதிபதி டென்டர்டன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வர்ணனை வழக்கமாகத் தீ வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியது, தேவையான பழுதுபார்ப்புக்காக ஒருமுறை மூட்டியதை அது தடுக்காது என்றார். ஒருபோதும் தீயே கூடாது என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் அப்படியே எழுதியிருக்கலாமே என்பது அவர் வாதத்தின் சாரம்.

இரண்டாவது 1837, ஷா எதிர் ராபர்ட்ஸ். தானியம் உலர்த்தும் சூளை. பக்கத்தில் மரப்பட்டை ஏற்றி வந்த ஒரு படகு மூழ்கிவிட, நனைந்த பட்டையை உலர்த்திக்கொள்ளட்டும் என்று சூளைக்காரர் காசு வாங்காமல் இடம் கொடுத்தார். பட்டை உலர்த்துவது தானியத்தைவிட ஆபத்து. எரிந்தது. இங்கேயும் நீதிமன்றம் சூளைக்காரர் பக்கம். ஒருமுறை உபகாரம் செய்ததால் அவர் தொழிலே மாறிவிட்டது என்று ஆகாது.

இரண்டையும் படித்தால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம் போலத் தோன்றும். மூன்றாவது வழக்கு வந்தது 1854ல், சில்லெம் எதிர் தோர்ன்டன். வீடு சான் ஃபிரான்சிஸ்கோவில், வழக்கு லண்டனில். காப்பீட்டுக்காகக் கொடுத்த வர்ணனையில் வீடு இரண்டு அடுக்கு. அதன் பிறகு உரிமையாளர் மேலே மூன்றாவது அடுக்கு எடுத்தார். தீ வந்தது. இந்தத் தடவை நீதிமன்றம் காப்பீட்டாளர் பக்கம் நின்றது. வர்ணனை என்பது வெறும் தகவல் இல்லை, ஆபத்து கூடும்படி கட்டடத்தை நானாக மாற்ற மாட்டேன் என்று கொடுத்த வாக்கும்கூட என்று சொன்னது.

தார் பூசியவருக்குப் பணம் கிடைத்தது, மாடி எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. ஏன்? தாரும் பட்டையும் வந்து போகிறவை. மாடி வந்தால் வந்ததுதான். பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் ஒன்றில்லை என்ற கோடு இப்படித்தான் விழுந்தது. சில்லெம் தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிபதிகள் முழு மனதோடு ஏற்கவில்லை. பாலிசியில் வெளிப்படையான நிபந்தனை இல்லாவிட்டால், ஆபத்து கூடியது என்பதற்காக மட்டும் பாலிசி செத்துவிடாது என்பதே பொதுவான நிலையாக நின்றது.

கேட்க நல்ல செய்திதான். ஆனால் காப்பீட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ‘வேண்டுமானால் எழுதியிருக்கலாமே’ என்ற டென்டர்டனின் அறிவுரையை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எழுதினார்கள். எழுதிக்கொண்டே போனார்கள். இன்று நம் பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறைந்திருப்பதற்கு நீதிபதிகளும் ஒரு காரணம்.

பதினைந்து நாள் விதி

அப்படி எழுதியதில் மிகக் கறாரான உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி பாலிசி அச்சடித்துக் குழப்பியதால், நியூயார்க் மாநிலம் 1886ல் எல்லோருக்கும் ஒரே படிவம் என்று ஒரு தரப் பாலிசியைக் கொண்டுவந்தது. பின்னால் பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அதில் ஒரு ஷரத்து: கட்டுவதற்கோ மாற்றுவதற்கோ பழுதுபார்ப்பதற்கோ ஒரே தடவையில் 15 நாளுக்கு மேல் தொழிலாளர்களை வைத்து வேலை செய்தால், பாலிசியில் தனியாக அனுமதி எழுதி வாங்கியிருந்தாலொழிய, முழுப் பாலிசியும் செல்லாது. வேலை நடந்த அறைக்கு மட்டும் இல்லை, முழுப் பாலிசிக்கும். இன்னொரு ஷரத்து: வீடு காலியாகி 10 நாள் அப்படியே கிடந்தாலும் செல்லாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய மராமத்து என்றால் 15 நாளில் முடியாது. தூசியில் குடியிருக்கவும் முடியாது, 10 நாளுக்கு மேல் வெளியே தங்கத்தான் வேண்டும். ஒரே வேலை, இரண்டு பக்கமும் கத்தி. மாடி எடுத்தவர் மட்டுமில்லை, நியாயமாகக் கூரை மாற்றியவரும் இதில் மாட்டுவார்.

1943ல் நியூயார்க் இந்தப் படிவத்தைத் திருத்தியது. 15 நாள் விதி போயிற்று. அதற்குப் பதில், உரிமையாளரின் கட்டுப்பாட்டிலோ அறிவிலோ உள்ள வழியில் ஆபத்து கூடியிருக்கும் காலத்துக்கு மட்டும் பொறுப்பில்லை என்ற பொதுவான வரி நின்றது. காலி வீட்டுக்கான கெடு 10 நாளிலிருந்து 60 நாளாக நீண்டது. வாள் போய் அளவுகோல் வந்தது என்று சொல்லலாம். ஆனால் ‘ஆபத்து கூடியதா இல்லையா’ என்பதை வீடு எரிந்த பிறகுதான் பேசுவார்கள்.

தப்பு செய்தது மேஸ்திரி, இழப்பு யாருக்கு?

இதுவரை வீட்டுக்காரரும் காப்பீட்டாளரும் மட்டும் மேடையில் இருந்தார்கள். மூன்றாவது ஆள் காண்ட்ராக்டர். அவர் ஆட்களின் அஜாக்கிரதையால் வீடு எரிந்தால் அவர்தானே கொடுக்க வேண்டும்? நம் பொதுப் புத்தி அப்படித்தான் சொல்கிறது.

எடின்பரோவில் ஒரு வீட்டு வசதிச் சங்கம் தன் வீடுகளை நவீனப்படுத்தும் வேலையை விம்பி என்ற பெரிய கட்டுமானக் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. வேலை நடக்கும்போது ஒரு வீட்டில் தீ. காண்ட்ராக்டர் தரப்பின் கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டு வழக்கு நடந்தது. 1986ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: காண்ட்ராக்டர் பொறுப்பில்லை. காரணம், அவர்கள் கையெழுத்திட்ட தர ஒப்பந்தப் படிவத்தில், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கான தீ அபாயம் உரிமையாளருடையது, அதற்கு அவர்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று இருந்தது. கவனக்குறைவால் வந்த தீயும் அதில் அடங்கும்.

படிக்கும்போது அநியாயமாகத்தான் இருந்தது. யோசித்தால் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டின் மதிப்பு உரிமையாளருக்குத்தான் தெரியும். காண்ட்ராக்டரை முழு வீட்டுக்கும் காப்பீடு எடுக்கச் சொன்னால், அந்தச் செலவும் கொடேஷனில் ஏறி நம் தலையில்தான் விடியும். ஆகவே ஒரு அபாயத்துக்கு ஒரே பாலிசி, அதில் உரிமையாளர், காண்ட்ராக்டர் இருவர் பெயரும் என்ற ஏற்பாட்டை நோக்கி பிரிட்டிஷ் ஒப்பந்தப் படிவங்கள் நகர்ந்தன. இரண்டு பெயரும் இருந்தால், பணம் கொடுத்த காப்பீட்டாளர் காண்ட்ராக்டர் மீது வழக்குப் போட்டு வசூலிக்கவும் முடியாது. வேலை நின்றுபோகாது.

இந்தக் காலகட்டத்தின் இரண்டு பெரிய தீக்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தெற்கு இங்கிலாந்தில் அப்பார்க் என்ற 17ஆம் நூற்றாண்டு மாளிகை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் அம்மா அங்கே வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தவர். நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருந்த இந்த வீட்டின் கூரை மராமத்து முடியும் தறுவாயில் இருந்தது. 1989 ஆகஸ்ட் 30 அன்று, ஈயத் தகட்டை ஒட்டவைக்கப் பயன்படுத்திய ஊதுவிளக்கிலிருந்து தீ. மேல்தளங்கள் முழுக்கப் போயின. உள்ளே இருந்த ஓவியங்களிலும் சாமான்களிலும் பெரும்பகுதியை ஓடி ஓடிக் காப்பாற்றினார்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தது. தீக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டுவது என்று முடிவெடுத்து, மறந்துபோன சுதை வேலையையும் மரச் செதுக்கலையும் கைவினைஞர்கள் திரும்பக் கற்றுக்கொண்டு செய்து, 1995ல் திறந்தார்கள்.

அடுத்தது வின்ட்சர் அரண்மனை. 1992 நவம்பர் 20. மின் இணைப்பு மாற்றும் வேலைகள் நடந்துகொண்டிருந்த பகுதி. தனிச் சிற்றாலயத்தில் ஒரு விளக்கு திரைச்சீலையோடு ஒட்டிக்கிடந்து பற்றியது. 115 அறைகள் சேதம். வேலைக்காகப் பல அறைகளிலிருந்து ஓவியங்களை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததால் அவை தப்பின. ஆனால் கட்டடத்துக்குக் காப்பீடு கிடையாது, அரசுச் சொத்து. மக்கள் வரிப்பணத்தில் கட்டுவதா என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் பக்கிங்ஹாம் அரண்மனையை 1993 முதல் டிக்கெட் போட்டுத் திறந்து, அந்த வருமானத்தில்தான் 3.65 கோடி பவுண்டு செலவில் பெரும்பகுதியைச் சமாளித்தார்கள். ராணிக்கு டிக்கெட் போட்டுத் திறக்க இன்னொரு அரண்மனை இருந்தது. நமக்கு?

2019ல் பாரிஸின் நோத்ர தாம் எரிந்ததும் மராமத்து நடுவில்தான். அதுவும் பிரெஞ்சு அரசின் சொத்து, அரசே தனக்குத்தானே காப்பீட்டாளர். உலகமே நன்கொடை கொடுத்தது. 1666ன் சாரத்துக்கும் 2019ன் சாரத்துக்கும் நடுவே 353 ஆண்டுகள். காட்சி மாறவில்லை.

நம் பாலிசியில் இதெல்லாம் எங்கே?

இந்தத் தேடலுக்கே காரணம், மாடி எடுக்கத் திட்டம் போட்டிருந்த என் தம்பி ‘அண்ணே, இந்தப் பாலிசியக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்’ என்று அனுப்பி வைத்ததுதான். படிக்கப் படிக்க எனக்கு ஒவ்வொரு ஷரத்திலும் ஒரு பழைய வழக்கு தெரிய ஆரம்பித்தது. இந்தியாவில் பொதுக் காப்பீடு பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்தது. 1850ல் கல்கத்தாவில் ட்ரைட்டன் கம்பெனியோடு தொடங்கிய கதை. பாலிசி வாசகங்களும் கூடவே கப்பலேறி வந்தவைதான்.

நம் நாட்டில் நீண்ட காலம் புழங்கிய தரத் தீக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். அதில் கட்டடத்தின் நிலைமை ஆபத்தைக் கூட்டும்படி மாறினால், முன்கூட்டியே எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தாலொழிய, காப்பீடு நின்றுவிடும் என்று ஒரு ஷரத்து. இது சில்லெமின் மூன்றாவது மாடி. வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தாலும் அதே கதி. இது நியூயார்க்கின் 10 நாள், 60 நாளின் உறவுக்காரன். பாலிசி காக்கும் ஆபத்துகள் அல்லாத வேறு காரணத்தால் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தால், 7 நாளில் காப்பீடு முடிந்துவிடும். அதற்குள் தெரிவித்தால் புதிய கட்டணத்தில் தொடரலாமா என்று கம்பெனி முடிவு செய்யும். பூமி உள்வாங்கி வீடு விரிசல் விட்டால் பணம் உண்டு. ஆனால் இடிப்பது, கட்டுவது, அமைப்பை மாற்றுவது, பள்ளம் தோண்டுவது காரணமாக வந்தால் கிடையாது. புது அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது பழைய சுவர் இறங்கினால், அந்த வரி நேராக உங்களைப் பார்க்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ என்ற தரப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் ஆக்கியது. மொழி எளிமை, பல விஷயத்தில் வீட்டுக்காரருக்குச் சாதகம். ஆனாலும் கட்டடத்தில் கூடுதல், மாற்றம், விரிவாக்கம் செய்தால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அதிலும் உண்டு. காப்புத் தொகையின் அடிப்படைக் கணக்கு, தரைப் பரப்பு பெருக்கல் கட்டுமானச் செலவு. ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் காப்புத் தொகை 16 லட்சம். மேலே 700 சதுர அடி எடுக்கிறீர்கள். இப்போது திரும்பக் கட்ட ஆகும் செலவு 30 லட்சம். தானாக ஏறும் 10 சதவீதம் 17.6 லட்சத்துக்குத்தான் கொண்டுபோகும். அது விலைவாசிக்காக வைத்தது, மாடிக்காக இல்லை. குறைகாப்பீட்டு விதி உள்ள வேறு பாலிசியாக இருந்தால் இன்னும் மோசம். 6 லட்சம் சேதம் என்றாலும், 30ல் 16 பங்குதானே காப்பீடு செய்தீர்கள் என்று 3.2 லட்சம்தான் கைக்கு வரும்.

பாதி எழும்பிய புது மாடி, கீழே அடுக்கிய கம்பி, சிமென்ட், டைல்ஸ் இவையெல்லாம் வீட்டுப் பாலிசியின் வர்ணனையில் இல்லாத பொருள்கள். அதற்கென்று இருப்பது காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி. லண்டனில் தேம்ஸ் நதிமீது லாம்பெத் பாலம் கட்டியபோது 1929ல் முதன்முதலாக இந்த வகைப் பாலிசி எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். இதில் உரிமையாளரின் ஏற்கெனவே உள்ள கட்டடத்தையும் கூடுதல் கட்டணத்தில் சேர்க்க வழி உண்டு. எடின்பரோ வழக்கு எழுப்பிய ஓட்டைக்கு இதுதான் அடைப்பு. கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தால் அது வேறு கணக்கு. வீட்டுப் பாலிசி அதைப் பார்க்காது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான பாலிசி காண்ட்ராக்டரிடம் இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே கேட்க வேண்டும்.

தம்பிக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

இடிக்கிற முதல் சுத்தியல் விழுவதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி. என்ன வேலை, எத்தனை மாதம், வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதையும் சொல். பதிலை எண்டார்ஸ்மென்டாகவே வாங்கு, ஏஜென்ட் போனில் ‘பாத்துக்கலாம் சார்’ என்றது செல்லாது.

ஒப்பந்தத்தில் தீ, இடிபாடு, பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு வரியாவது எழுது. காண்ட்ராக்டர் பாலிசி வைத்திருக்கிறேன் என்றால் நகல் கேள், தேதியைப் பார்.

வெல்டிங், கேஸ் கட்டர் வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து பார்க்கட்டும். பொறி உடனே எரிவதில்லை.

வேலை ஆரம்பிக்கும் முன் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வை. ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் ஆள் அனுப்பிச் செய்ததை நீ போனிலேயே செய்யலாம்.

வேலை முடிந்ததும் புதுப் பரப்பு, புது மதிப்பைச் சொல்லிப் பாலிசியைத் திருத்து. வர்ணனையும் வீடும் மறுபடி ஒன்றாக வேண்டும்.

இதற்கெல்லாம் கூடுதல் பிரீமியம் கேட்பார்களா? கேட்கலாம். அந்தத் தொகையை மொத்த கொடேஷனோடு வைத்துப் பாருங்கள், அநேகமாக மாடிப்படி கைப்பிடிக்கு ஆகிற செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

செயின்ட் பால் நிலவறையில் சரக்கை அடுக்கிய புத்தக வியாபாரிகள் முட்டாள்கள் இல்லை. கல் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், சரியான யோசனைதான். வெளியே கட்டியிருந்த சாரத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு எழுதித் தெரிவிக்க ஒரு காப்பீட்டு அலுவலகம் கிடையாது. நமக்கு இருக்கிறது. ஒரு கடிதம், ஒரு மின்னஞ்சல் போதும்.